அந்த ஊரில் இரவு நிற்பதா, மரகதம்?

கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, என் வீட்டு மணியை அடித்தால் நான் பயந்துவிடுவேன் என்று கீழே படிக்கட்டில் நின்று இருமிக் காட்டும் என் மரகதத்துக்கு,

வெள்ளிக்கிழமை விடியப் போகிறேன். விட்ட இடத்திலிருந்து நடக்கப் போகிறேன். இதை உமக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல? சொன்ன இரண்டொரு பேரும் "உங்களுக்கு என்ன விசரோ?" என்றுதான் கேட்டார்கள். நீர் இருந்திருந்தால் நீரும் அதையேதான் கேட்டிருப்பீர். ஆனால் கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றிப் பையில் வைத்திருப்பீர்.

பயமாக இருக்கிறது, மரகதம். பூனை பாய்ந்தாலே "ஐயோ முருகா" என்று கத்துகிறவள் நான், உமக்குத் தெரியாததா? இந்தக் கடிதத்தை ஒரு ஞாயிற்றுப் பத்திரிகைக்காரர் கேட்டிருக்கிறார். அதனால் ஊர்ப்பெயர் ஒன்றை எழுதாமல் விடுகிறேன், பிள்ளைகளின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். அச்சில் வரும்போது நான் போய் வந்திருப்பேன். வராமலும் இருந்திருப்பேனோ?

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உம்முடைய மகன் செல்வத்தைச் சிறையிலிருந்து விட்டுவிட்டார்கள். ஓம், உண்மையாகத்தான். உமது காரியம் முடிந்த அடுத்த கிழமையே விட்டார்கள். உமக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன், உம்முடைய படத்துக்குப் பூப் போடத்தான் வந்து சேர்ந்தான். அன்றைக்கு நான் சுவாமித் தட்டுக்கு முன்னால் நின்று முருகனைப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். கொஞ்சம் முந்தி விட்டிருந்தால் உன் வேலுக்கு என்ன குறைந்திருக்கும் என்று கேட்டேன். பிறகு பயம் பிடித்து மன்னிப்பும் கேட்டேன்.

செல்வம் என்னைப் பார்க்க வந்தான். வாசற்கதவைப் பார்த்தபடிதான் கதிரையில் இருக்கிறான். படிக்கட்டில் யாரும் ஏறும் சத்தம் கேட்டால், தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி நிற்கிறான், இரண்டு கைகளும் வெளியில் தெரியும்படி. மேல்மாடிக்காரர் மீன் வாங்கிக்கொண்டு போகிறார் என்று நான் சொல்லித்தான் இருத்தினேன். ஞாயிறு தோறும் பொலிஸில் கையெழுத்து வைக்க வேண்டும், கொழும்பைவிட்டு வெளியே போகக்கூடாது. ஆனபடியால் அவனால் என்னோடு வர முடியாது. வந்தாலும் நான் கூட்டிப்போகமாட்டேன்.

என்னுடைய குமரன் இன்னும் உள்ளேதான். வழக்குக்குத் தவணை மேல் தவணை. போன முறை பார்த்தபோது "அம்மா, நடந்து முடிச்சிட்டீங்களோ?" என்று கேட்டான். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று நான் என்ன சொல்வது? பாதிதான் நடந்திருக்கிறோம், மிச்சத்துக்கு ஒரு இரவு தங்க இடமில்லை என்றா?

வாசிக்கிறவர்களுக்கு நம்முடைய கதை தெரியாது. கொஞ்சம் சொல்லவிடும். சிறை வாசலில் வெயிலுக்குள், சோற்றுப் பார்சலோடு வரிசையில் நின்றபோதுதான் உம்மைக் கண்டேன். வெளிநாடு போகவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் மகனைச் சந்தேகத்தின்பேரில் வெள்ளவத்தைச் சந்தியில் பொலிஸார் பிடித்தார்கள். புறக்கோட்டையில் புடவைக்கடையில் வேலை செய்த உம்முடைய மகனை, மலைநாட்டு அட்டன் விலாசம் போட்ட அடையாள அட்டையோடு கொட்டாஞ்சேனையில் பிடித்தார்கள். இரண்டு பேரும் ஒரே அறை, ஒரே பாய். "நம்ம புள்ளைங்க சேந்து குடும்பம் நடத்துறாங்க டீச்சர், அப்ப நாம சம்பந்திங்கதானே" என்று வெற்றிலை வாயால் சிரித்தீர். அந்த வரிசையில் அதற்கு முதல் யாரும் சிரித்ததை நான் காணவில்லை.

பிள்ளைகள் வெளியே வர வேண்டுமென்று, கதிர்காமத்து முருகனிடம் நடந்து போவதாக நேர்ந்தது உம்முடைய யோசனை. காலி வீதியைப் பிடித்தால் மாத்தறை, அதற்கு அப்பால் அம்பாந்தோட்டை, பிறகு காட்டுப்பாதை. நடக்க நான் பயப்படவில்லை. நான் பயந்தது இரவுகளுக்கு. இரவு எங்கே தங்குவது?

இது கொழும்பில் இல்லாதவர்களுக்கு விளங்காது. இங்கே யாரும் வீட்டில் இரவு நின்றால் பொலிஸில் பதிய வேண்டும். பதியாமல் ஒருவர் நின்று, சோதனைக்கு வந்து கண்டுபிடித்தால், நின்றவரும் சிறைக்குப் போவார், நிற்க வைத்தவரும் போவார். அதனால் வெள்ளவத்தையில் எங்களுக்கு ஒரு புதுப்பழக்கம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தச் சித்தப்பா வந்து வாசலில் நின்றாலும், "வாங்கோ" என்று சொல்லி வாய் மூடுமுன் அடுத்த கேள்வி, "இரவு நிக்கிறியளோ?" தேத்தண்ணி அதற்குப் பிறகுதான். அவர்களும் அதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். "இல்லைப் பிள்ளை, நிக்கேல்லை, நிக்கேல்லை" என்று செருப்பைக் கழற்றாமலே சொல்கிறார்கள். அப்போது எங்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாரும், அந்த நிம்மதியைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

சொந்த ஊர்ச்சனத்துக்கே இந்த வரவேற்பு என்றால், தெற்கே ஒரு சின்ன டவுனில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள் எப்படித் தங்குவது? அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பகலில் நடப்பது, பின்னேரம் பக்கத்து ஸ்டேஷனில் றெயில் ஏறி வெள்ளவத்தைக்கு வந்து படுப்பது, விடிய அதே ஸ்டேஷனில் போய் இறங்கி விட்ட இடத்திலிருந்து நடப்பது. நீர் இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தீர்.

"ராத்திரிக்கு வீட்டுக்குப் போயி மெத்தையில படுத்துட்டு, காலைல வந்து நடந்தா அது என்ன பாதயாத்திரை? முருகன் என்ன ஆபீஸா டீச்சர், காலைல போயி சாயங்காலம் திரும்பி வர?"

"கடற்கரையோட றெயில் ஓடுறது முருகனுக்கும் தெரியும். நீர் பேசாமல் வாரும்."

"போற எடத்துல நாலு பேரு நல்லவங்க இருப்பாங்க. ஒரு ராத்திரி தங்கத் திண்டாட்டமா?"

"அந்த நாலு பேருக்குப் பக்கத்து வீட்டில ஐந்தாவது ஆள் இருப்பான். எனக்கு அவனை நினைச்சுத்தான் பயம்."

பள்ளிக்கூட விடுமுறையில் தொடங்கினோம். உமக்குச் செருப்பில்லை, எனக்கு றப்பர்ச் செருப்பு. செருப்பைப் பற்றி நான் நேரவில்லை என்று நான் சாதித்தேன். தெஹிவளை தாண்டியதும் நீர் பொட்டை எடுத்து அட்டையில் ஒட்டிக்கொள்வீர். பின்னேரம் றெயில் திரும்பத் தெஹிவளைக்கு வந்ததும், ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து மறுபடி நெற்றியில் ஒட்டுவீர். பெட்டியில் இருந்த சிங்களப் பெண்கள் அதைப் பார்த்தும் பாராததுபோல் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

இன்னொரு ஏற்பாடும் செய்தோம். உமக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. எனக்கு விளங்கும், ஆனால் வாயைத் திறந்தால் முதற்சொல்லிலேயே யாழ்ப்பாணம் வெளியே வந்துவிடும். அதனால் நான் ஊமை. "பாவம், எங்க அக்கா, பொறந்ததிலேருந்தே வாய் பேசாது" என்று கடைகடையாகச் சொல்லிக்கொண்டு வந்தீர். நாள் முழுக்க வகுப்பில் கத்துகிறவளுக்கு இது என்ன தண்டனை! ஒரு இடத்தில் மாட்டுவண்டி காலில் ஏறப் பார்த்தபோதும் வாயைப் பொத்திக்கொண்டுதான் துள்ளினேன். நீர் மரத்தடியில் குந்தியிருந்து சிரித்தது இன்னும் காதுக்குள் இருக்கிறது.

மாத்தறையோடு தண்டவாளம் முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் நடந்த முதல் நாள்தான் அந்தச் சின்ன டவுன். ஒரு அரசமரம், ஒரு விகாரை, பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தேத்தண்ணிக்கடை. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மாத்தறைக்குத் திரும்பும் கடைசி பஸ் இனித்தான் வர வேண்டும். அதில் ஏறுவதா, அங்கேயே இரவு நிற்பதா? திரும்பிப்போனால் நாளைக்கு வந்து சேரவே மத்தியானமாகிவிடும், பிறகு எங்கே நடப்பது? என் குதிக்கால் கொப்புளம் உடைந்து செருப்பெல்லாம் பிசுபிசுத்தது.

கடைக்காரப் பெண் எங்கள் வயதுக்காரி. நீர் தேத்தண்ணி கேட்க, அவர் என் காலைப் பார்த்து "அனே!" என்று பதறிச் சுடுதண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. சோற்றுக் கோப்பையைத்தான் முதலில் வைத்தார். பருப்பு, தேங்காய்ச் சம்பல். சம்பலில் மாசிக் கருவாடு கிடந்தது. விரதகாரி நான், கோப்பையைப் பார்த்தபடி இருக்கிறேன். வாய் திறந்து கேட்கவும் முடியாது, சாப்பிடவும் முடியாது. நீர்தான் மெல்ல, விரதம் என்று சொன்னீர்.

"கதிர்காமத்துக்கா?" என்றார். அவ்வளவுதான். கோப்பையை எடுத்துப்போய், அம்மியைக் கழுவி, மாசி போடாமல் புதிதாகச் சம்பல் அரைத்து வந்தார். எதற்கு நேர்ந்தது என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். மகன்களுக்காக என்று நீர் சொன்னீர். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அவருக்கும் ஒரு மகன். ஆமியில் சிப்பாய். வடக்கில். கடிதம் வந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஊரைச் சொன்னார். மரகதம், அது என் ஊருக்குப் பக்கத்து ஊர்.

என் வீட்டு முற்றத்தில்கூட அவன் துவக்கோடு நின்றிருக்கலாம். அதை நினைத்ததும் எனக்குள் என்ன வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. கோபமா, இரக்கமா? ஆனால் அந்தப் பெண் "அங்கே தண்ணீர் உப்பாமே, பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமோ" என்று கேட்டபோது, இல்லை, அந்த ஊர்க் கிணறு நல்ல தண்ணீர், பயப்படாதேயுங்கோ என்று சொல்ல என் வாய் துடித்தது. ஊமை எப்படிச் சொல்வது?

அவர் உள்ளே போய் ஒரு கடதாசிச் சரையில் கற்பூரம் கொண்டுவந்து, உம்மிடம் தராமல் என் கையில் வைத்தார். "வாய் பேசாதவள் ஏற்றினால் தெய்வம் முதலில் கேட்கும்" என்றார். பிறகு கடைக்குப் பின்னால் இருந்த அறையில் பாயை விரித்தார். இன்றைக்கு இங்கேயே படுங்கள், இந்தக் காலோடு எங்கே போவது என்றார்.

அப்போதுதான் அந்தப் பொலிஸ்காரர் சைக்கிளில் வந்து இறங்கி ஒரு சிகரெட் கேட்டார். எங்களைப் பார்த்தார். கையிலிருந்த தேத்தண்ணியை மடியில் ஊற்றிக்கொண்டேன், சூடுகூடத் தெரியவில்லை. இவர்கள் யார் என்று கேட்டார். அந்தப் பெண் அடுப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார், "அபே அய." எங்கள் ஆட்கள். இரவு நின்றுவிட்டுக் கதிர்காமம் போகிறார்கள்.

பொலிஸ்காரர் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது, நிம்மதியில். இத்தனை நாள் தங்கவேமாட்டேன் என்று நின்ற நான், அந்தப் பாயில் போய் இருந்துவிட்டேன். முதன்முதலாக எனக்கு ஒரு ஊரில் இரவு நிற்க மனம் வந்தது. அந்த நேரம் பார்த்து நீர் என் கையைப் பிடித்து எழுப்பினீர். பஸ் வருது என்றீர். அந்தப் பெண்ணிடம் சிங்களத்தில் ஏதோ சாக்குச் சொன்னீர், வீட்டில் அடுப்பு, ஆள் சுகமில்லை, எதுவோ. அவர் கரண்டியும் கையுமாக வாசலில் நின்றார். நான் ஊமை, என்ன செய்ய, இழுபட்டுப் போனேன்.

பஸ்ஸில் சனத்துக்குள் வாய் திறக்க முடியாது. மாத்தறையில் இறங்கியதும், ஆளில்லாத ஒரு மூலையில் வைத்து நான் உம்மைப் பேச்சாலேயே தின்றேன். "தங்குவம், தங்குவம் எண்டு இவ்வளவு நாளும் என்ர உயிரை வாங்கினது நீர். பாய் விரிச்ச பிறகு பயமோ உமக்கு? நீரும் ஒரு தைரியசாலியோ?" நீர் கொழும்பு பஸ்ஸில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு வந்தீர். பிறகு ஒரு கிழமைக்கு என் படிக்கட்டில் இருமல் சத்தம் கேட்கவில்லை. நானும் ரோஷத்தில் உம்மைத் தேடி வரவில்லை. அடுத்து வந்தது ஆஸ்பத்திரியிலிருந்து செய்திதான்.

ஆஸ்பத்திரி வாட்டில் உம்முடைய கட்டிலுக்குப் பக்கத்தில் பார்வையாளர் நேரம் முழுக்க இருந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசினீர், பேச வேண்டாம் என்றாலும் கேட்டால்தானே.

"டீச்சர், அன்னிக்கு நான் நமக்காகப் பயப்படல. அந்தம்மாவுக்காகத்தான் பயந்தேன். நம்ம யாருன்னு தெரியாம, நம்ம ஆளுங்கன்னு பொலிஸ்காரன்கிட்ட சொல்லிப்புட்டாங்க. நாளைக்கு நம்மளப் புடிச்சா, மொதல்ல யாரப் போய்க் கேப்பாங்க? அவங்க மகன் வேற ஆமியில. ஏன் தமிழாளுங்கள வச்சிருந்தேன்னு அந்தப் பையனையும்ல கேப்பாங்க?"

"அதை அங்கயே சொல்லியிருக்கலாமே, மரகதம்."

"பஸ்ஸுலயா? நீங்க ஊமையில்ல?" என்று சிரித்தீர். இருமல் வந்துவிட்டது. தாதி வந்து என்னைப் போகச் சொன்னாள். "போயிட்டு வாங்க சம்பந்தி" என்றீர். நான் போய்விட்டு வந்தபோது கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கற்பூரம் என் சுவாமித் தட்டில் இருக்கிறது. கற்பூரம் நிற்காதே, சும்மா இருந்தாலே கரைந்து காற்றோடு போகிற பொருள். நாலு மிளகு போட்டு டப்பாவில் இறுக்கி மூடி வைத்திருக்கிறேன். அப்படியும் ஒவ்வொரு தரம் திறக்கும்போதும் கட்டிகள் சின்னதாகத்தான் இருக்கின்றன. அந்தத் தாய் நான் இதற்குள் ஏற்றியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அவருடைய மகனுக்குக் கடிதம் வந்திருக்குமா? வராமல், வேறு ஏதும் வந்திருக்குமா? அதை நினைத்தால் அந்தக் கடை வாசலுக்குப் போகவே கால் கூசுகிறது.

கீழ்வீட்டுக்காரர் சொல்கிறார், வாடகைக்கு ஒரு வான் பிடித்து ஒரே மூச்சில் கதிர்காமம் போய் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு அன்றைக்கே திரும்பி வாருங்கள், முருகன் கோபிக்கமாட்டார் என்று. முருகன் கோபிக்கமாட்டார்தான். குமரன் கேட்பானே? நடந்தீங்களோ அம்மா என்று கேட்பானே? என்னுடைய நேர்த்தி ஒன்று, நேர்ந்துவிட்டு நீர் தீர்க்காமல் போன நேர்த்தி ஒன்று, அந்தப் பெண்ணின் கற்பூரம் ஒன்று. மூன்றையும் வானில் ஏற்றிக்கொண்டு போய் இறக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஊரில் நிற்காமல் அப்பால் போக வழியில்லை என்பது உமக்கும் தெரியும். அடுத்த டவுன் தூரம், நடுவில் கடலும் புதரும்தான். இத்தனை நாளும் நான் யோசித்தது, இரவு நிற்கிறதா இல்லையா என்று நாங்கள் தீர்மானிப்பது எப்படி என்பதைத்தான். நீர் அன்றைக்கு அந்தப் பெண்ணுக்காகத் தீர்மானித்தீர், என்னைக் கேட்காமல். நானும் நீரும் அவரைக் கேட்கவே இல்லை. கூரை அவருடையது, மகன் அவருடையவன், பொலிஸ்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அவர். அவரல்லவோ சொல்ல வேண்டும்?

செல்வத்திடம் ஒரு வசனம் கேட்டுப் படித்துவைத்திருக்கிறேன். நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன், ஜன்னலைச் சாத்திவிட்டு. "அக்கே, மட்ட கதா கரன்ன புளுவன். மம தெமள." அக்கா, எனக்குப் பேச முடியும். நான் தமிழ். செல்வம் சிரித்தான், மரகதம். "டீச்சரம்மா, எப்புடிச் சொன்னாலும் அது யாழ்ப்பாணமாத்தான் இருக்கு" என்றான். உள்ளேயிருந்து வந்த பிறகு அவன் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தரம். உம்முடைய சிரிப்பு.

இரவெல்லாம் அந்த வாசலை நினைத்துப் பார்க்கிறேன். அவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டால்? கத்தினால்? அந்தச் சைக்கிள் அப்போதுதான் வந்து நின்றால்?

என்றாலும் உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கடைசி பஸ் வருவதற்கு முதல் அந்தக் கடைக்குப் போவேன். பாய் விரிக்க முதல், சோறு போட முதல், வாசலில் செருப்போடு நின்று, அந்த வசனத்தைச் சொல்வேன். என் மகன் எங்கே இருக்கிறான் என்று சொல்வேன். அவருடைய மகன் நிற்கும் ஊரில் கிணற்றுத் தண்ணீர் நல்லது என்றும் சொல்வேன். போ என்றால் கற்பூரத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு பஸ் ஏறுவேன், அடுத்த நாள் திரும்பி வந்து அந்த வாசலிலிருந்தே நடப்பேன். நில் என்றால் நிற்பேன். வெள்ளவத்தையில் வருகிறவர்களை எல்லாம் நாங்கள் வாசலில் வைத்துக் கேட்ட கேள்வியை, இந்த முறை நான் ஒரு வாசலில் நின்று கேட்கப் போகிறேன்: "இண்டைக்கு இரவு நான் இஞ்ச நிக்கட்டோ?"

நீர் கீழே படிக்கட்டில் நின்று ஒருக்கால் இருமும். நான் இறங்கி வருகிறேன்.

உம்முடைய சம்பந்தி,
வெள்ளவத்தை டீச்சர்